மலைக் குள்ளருக்கு மந்திரம் வராது

உலகம் முழுக்க ஆடுகிற ஒரு விளையாட்டின் விதியை மாற்றியவள் நான். எட்டாம் வகுப்பு முடியும்வரை இதை முழுமனதாக நம்பினேன். இப்போதும் அந்த நம்பிக்கை அடியோடு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன்.

தொண்ணூற்றெட்டாம் வருடக் கோடை விடுமுறை. சேலத்தில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த சித்தப்பா, மலைமேல் பெரக்கரை நாடு என்ற ஊர்ப்பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்குத் தன்னோடு படிக்கும் நண்பரைக் கூட்டிவந்தார். நண்பருக்கு மலையடிவாரத்தில் காரவள்ளி என்ற ஊர். அவர் பையில் தலையணை கனத்துக்கு ஜெராக்ஸ் எடுத்துக் கட்டிய ஓர் அமெரிக்க விளையாட்டுப் புத்தகம் இருந்தது.

ஓடுவதும் ஒளிவதும் இல்லாத விளையாட்டு அது. எல்லோரும் சுற்றி உட்கார வேண்டும். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, பூதம் எதிரே வந்தால் என்ன செய்வோம் என்று சொல்ல வேண்டும். செய்தது பலித்ததா இல்லையா என்று இருபது முகம் கொண்ட பகடை தீர்ப்புச் சொல்லும். எங்களிடம் அந்தப் பகடை இல்லை. ஒன்று முதல் இருபதுவரை சீட்டு எழுதி மிளகு டப்பாவில் போட்டுக் குலுக்கினோம். தும்மாமல் ஒருவராலும் சீட்டு எடுக்க முடியவில்லை.

ஆட்டத்துக்கு முன்னால், நாம் எந்த இனம், என்ன தொழில் என்று தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். மனிதர், வனவாசி, மலைக் குள்ளர் என்று இனங்கள். வீரன், திருடன், பூசாரி, மந்திரவாதி என்று தொழில்கள். நண்பர் படித்து முடிப்பதற்குள் நான் மந்திரவாதி என்று கத்திவிட்டேன்.

"மலைக்காரப் பொண்ணுதான நீயி? அப்ப மலைக் குள்ளர்" என்று அவரே எழுதிக்கொண்டார். பிறகு பக்கத்தைப் புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "மலைக் குள்ளருக்கு மந்திரம் வராது கண்ணு. புஸ்தகத்துலயே போட்டிருக்கு."

சித்தப்பா எட்டிப் பார்த்தார். போட்டுத்தான் இருந்தது. "மனுச இனத்துக்கு மாறிக்க, மந்திரம் வந்துரும்" என்று சமாதானம் சொன்னார். மந்திரத்துக்காக மலையை விட்டு இறங்க வேண்டுமாம்! எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. முடியாது என்று சொல்லிவிட்டேன்.

அப்பா கையில் எண்ணெய் தடவிக்கொண்டு வாசலில் பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தார். சண்டைச் சத்தம் கேட்டு உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் மாறியது.

"ஏனுங்க தம்பி, இத எழுதுன ஆளு நம்ம மலைக்கு வந்திருக்காருங்களா?"

"இல்லீங்கண்ணா. இது சும்மா வெளையாட்டுங்க."

"வெளையாட்டுன்னாலும் தெரியாததத் தெரிஞ்ச மாதிரி எழுதலாமுங்களா? போன வருசம் உங்க ஊட்டு மாட்டுக்கு மந்திரிக்க எங்க ஏறி வந்தீங்க?"

நண்பர் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். சித்தப்பா சிரிப்பை அடக்க மிளகு டப்பாவை மோந்தார். அப்பா என் பக்கம் திரும்பி, "புஸ்தகத்துல அட்ரஸ் இருக்குமில்ல? எழுதிப் போடு சாமி. இங்கிலீசுலயே எழுது" என்றார்.

நான் அப்போதுதான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். ஆங்கிலத்தில் எனக்கு எழுதத் தெரிந்த ஒரே கடிதம் லீவு லெட்டர். எனவே அதையே எழுதினேன். காய்ச்சல் என்பதால் என்று வர வேண்டிய இடத்தில், நாங்கள் மலைக்காரர்கள் என்பதால் என்று போட்டேன். இரண்டு நாள் விடுப்பு என்ற இடத்தில் மந்திரம் என்று போட்டேன். ஆக, நாங்கள் மலைக்காரர்கள் என்பதால் எங்களுக்கு மந்திரம் வழங்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொண்டு, தங்கள் கீழ்ப்படிந்த மாணவி என்று முடித்தேன். எழுதியது இன்லேண்டு லெட்டரில். அது கடல் தாண்டாது என்பது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அப்பா செம்மேடுவரை நடந்தே போய்ப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தார்.

பதில் வரும்வரை ஆட மாட்டேன் என்று அறிவித்துவிட்டேன். அந்த விடுமுறை முழுக்க மற்றவர்கள் பூதம் கொன்றார்கள். நான் டப்பாவைக் குலுக்கிக் கொடுத்தேன். அடுத்த விடுமுறையிலும் அப்படித்தான். பதில் வரவில்லை. என் வீம்பும் குறையவில்லை.

மூன்றாம் வருடம் சித்தப்பா பெங்களூரில் வேலையில் இருந்தார். லீவில் வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் என்னைக் கூப்பிட்டார். அதே விளையாட்டின் புதிய பதிப்பு வந்திருந்தது. ஒரு பக்கத்தைப் பிரித்து, வரியில் விரல் வைத்து, என்னையே படிக்கச் சொன்னார். எழுத்துக் கூட்டிப் படித்தேன். எந்த இனத்தவரும் எந்தத் தொழிலையும் எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தது. மலைக் குள்ளரும்தான்.

"உன்ற லெட்டரு சேந்திருச்சாட்ட இருக்குது" என்றார் சித்தப்பா, முகத்தில் துளிச் சிரிப்பும் இல்லாமல்.

நான் போட்ட கூச்சலில் வாசலில் மேய்ந்த கோழிகள் வேலி தாண்டின. அன்றைக்கே மலைக்கார மந்திரவாதியாகி, முதல் மந்திரத்தில் சித்தப்பாவின் பூதத்தை எரித்தேன். பள்ளிக்கூடத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் சொன்னேன். அமெரிக்காக்காரன் தப்பு செய்தான், நான் சொன்னேன், திருத்திக்கொண்டான்.

அப்பாவும் சொன்னார். சந்தையில், பஸ்ஸில், டீக்கடையில் என்று ஆள் கிடைத்த இடமெல்லாம் சொன்னார். ஆனால் அவருக்குச் சரியாகவே சொல்ல வரவில்லை. "எம்பொண்ணு அமெரிக்காவுக்கே இங்கிலீசுல லெட்டர் எழுதுனாளுங்க" என்று தொடங்குவார். கேட்பவர் "அப்படீங்களா" என்று வாயைப் பிளப்பார். அப்பா அதோடு நிறுத்திவிட்டு டீயை எடுத்துக் குடிப்பார்.

அவர் சொல்லும் கதையில் குள்ளர் வரவில்லை, மந்திரம் வரவில்லை, புதிய புத்தகம் வரவில்லை. எனக்குப் பொறுக்காது. "அவங்க திருத்துனதச் சொல்லுங்கப்பா!" என்று சட்டையைப் பிடித்து இழுப்பேன். "ஆமா சாமி, ஆமா" என்பார். அடுத்த ஆளிடமும் அதே ஒரு வரியைச் சொல்லிவிட்டு டீயைக் குடிப்பார்.

கதையின் முக்கியமான இடத்தை அப்பா ஒவ்வொரு முறையும் மறந்துவிடுகிறாரே என்று எனக்கு அப்படி ஒரு கோபம்.