ஓடை கறுத்த இடம்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டில் எந்த ஊர் நகராட்சியில் வேலை பார்த்தேன் என்று சொல்லப்போவதில்லை. பொறியியல் பிரிவில் இருந்தேன், அது போதும். ஊருக்குக் கிழக்கே ஒரு கண்மாய். துணி வெளுக்கும் பட்டறைகளின் கழிவும் ஊர்ச் சாக்கடையும் பல வருஷமாகச் சேர்ந்து, தண்ணீர் கறுத்து நுரைத்துக் கிடந்தது. விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். சுத்தம் செய்யும் செலவில் பாதியைப் பட்டறைக்காரர்களும் பாதியை நகராட்சியும் ஏற்க வேண்டும், ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்கலாம் என்று உத்தரவு வந்தது.

ஆட்சேபம் எழுதும் வேலை எனக்கு. வீட்டுச் சாக்கடையால் பெரிய கேடில்லை, எல்லாம் பட்டறைகளால்தான் என்று எழுதி முடித்துவிட்டேன். கூட வைக்கப் படம் வேண்டுமே என்று ஒரு காலையில் கண்மாய்க்குப் போனேன். மடைக்குக் கீழே நிலம் வைத்திருந்த ஒரு அக்கா கரையில் நின்றிருந்தார். வழக்குப் போட்டவர்களில் அவரும் ஒருவர்.

"இங்ஙன நின்னு படம் புடிச்சா என்ன தெரியும் சார்? வாங்க, தண்ணி எங்கிருந்து வருதுன்னு காட்டுதேன்" என்றார்.

கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் ஓடையோரமாக ஊரைப் பார்த்து நடந்தோம். பட்டறைக் குழாய்கள் வந்தன. திருப்தியாகப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிப் போகக் கிளம்பினேன்.

"செத்த பொறுங்க. இன்னும் இருக்கு."

பட்டறைகளைத் தாண்டினோம். அதற்கு மேலேயும் ஓடை அதே கறுப்பாக வந்துகொண்டிருந்தது. காய்கறிச் சந்தையின் பின்புறம், பஸ் ஸ்டாண்டு, குடியிருப்புகள் என்று ஒவ்வொரு வாய்க்காலாக அதில் வந்து விழுந்தது. எல்லாம் நான் வரைபடத்தில் கோடு போட்ட வாய்க்கால்கள். என் வரைபடத்தில் அம்புக்குறி ஊர் எல்லையோடு நின்றுவிடும். அதற்குப் பிறகு அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

"இதெல்லாம் யாரு வீட்டுத் தண்ணி சார்?" என்று கேட்டார். குரலில் கோபமே இல்லை. என் வீட்டுத் தண்ணீரும் அதில்தான் இருந்தது.

அன்றே பழைய குறிப்பை விட்டுவிட்டு, நம் பங்கை நாம் ஏற்க வேண்டும் என்று புதிதாக எழுதி, படங்களோடு நகராட்சித் தலைவரம்மாவிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார்.

"இதக் கூட்டத்துல வச்சா நம்ம ஆளுகளே என்னைய உரிச்சிருவாங்களே சார்" என்றார். ஆனாலும் வைத்தார்.

கூட்டத்தில் ஒரே கூச்சல். "பட்டறைக்காரவிய சம்பாதிக்காவ, அவியளே கட்டட்டும். நாம எதுக்கு?" என்றார் ஒரு கவுன்சிலர்.

தலைவரம்மா ஒரு படத்தை உயர்த்திக் காட்டினார். "இது பட்டறைக்கு மேக்க எடுத்தது. இம்புட்டுக் கறுப்பையும் யாரு விட்டது? நாமதான."

படத்தை மேசைமேல் வைத்துவிட்டுத் தொடர்ந்தார்.

"புதுக் கூட்ட மண்டபத்துக்கு ஒதுக்குன பணம் இருக்கு. அத எடுத்து நம்ம பங்கக் கட்டிருவோம். மண்டபத்தப் பொறவு பாத்துக்கிடலாம்."

ஒரு கை உயர்ந்தது. பிறகு இன்னொன்று. கூச்சல் போட்ட அந்தக் கவுன்சிலரும் கடைசியில் கையைத் தூக்கினார். எத்தனையோ கூட்டங்களில் மூலையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அன்றுவரை ஒரு ஊர் 'நாங்கள்தான் செய்தோம்' என்று சொல்லி நான் பார்த்ததில்லை.

நகராட்சி கட்டியதும் பட்டறைக்காரர்களும் முரண்டு பிடிக்காமல் கட்டினார்கள். முதலில் சாக்கடையையும் பட்டறைக் கழிவையும் சுத்திகரிக்க ஏற்பாடு நடந்தது. பிறகு பொக்லைன் இறங்கியது. மாதக்கணக்கில் லாரி லாரியாகக் கறுப்புச் சேறு போனது. அடி தட்டவே இல்லை. ஒரு மதியம் வாளி மேலே வந்தபோது அதில் வெளிர்மஞ்சள் மண் இருந்தது. டிரைவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். அந்த அக்கா கீழே இறங்கி ஒரு கை அள்ளி மோந்து பார்த்தார்.

"நாத்தமே இல்ல சார்! மண்ணு வாசம்தான் அடிக்கி" என்றார்.

ஐப்பசி மழையில் கண்மாய் பெருகியது. கீழைக் கரையில் நாங்கள் பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தோம். மேற்கே மழை விட்டு மேகம் விலகியது. அசையாத தண்ணீரில் மலைத்தொடர் முழுவதும் தலைகீழாக இறங்கி எங்கள் காலடி வரை வந்து நின்றது. தலைவரம்மா செருப்பைக் கழற்றிவிட்டுப் படியில் இறங்கினார். அவருக்குப் பின்னால் நானும் இறங்கினேன். தண்ணீர் சில்லென்று இருந்தது. உள்ளே என் கால்விரல்கள் தெளிவாகத் தெரிந்தன.