போடியார் குறைத்த வயது

தாதி வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்: நோயாளியை நாம் எப்படியும் சமாளித்துவிடலாம், கூட வந்தவர்களைச் சமாளிப்பதுதான் பாடு. நீங்களும் ஒரு வார்டில் கால்கடுக்க நின்றவராக இருந்தால் இப்போதே தலையாட்டியிருப்பீர்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் மட்டக்களப்பில் நான் பட்டது இது.

நாற்பது

செங்கலடிப் பக்கத்துப் போடியார் ஒருவர், நிறைய வயல் உள்ளவர், மனைவி வள்ளிப்பிள்ளையை மாட்டு வண்டியில் கொண்டுவந்தார். வயல் வட்டையில் கதிர் வெட்டுக்காரருக்குச் சோறு கொண்டுபோன இடத்தில் தலை வெடிக்கிறது என்று கத்தி, வாந்தியெடுத்து விழுந்திருக்கிறார். டொக்டர் முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார். இரத்தம் கலந்து வந்தது. மூளையில் ஒரு நாளம் வீங்கி வெடித்திருக்கிறது என்றார். வயது போனவர்களுக்கு இதில் பிறகு வரும் சிக்கல் அதிகம், மறுபடி வெடிக்கலாம், கை கால் விழலாம் என்றும் சொல்லிவிட்டு வயதைக் கேட்டார்.

"நாப்பது," என்றார் போடியார். பக்கத்தில் நின்ற மகனுக்குக் காதோரம் நரைத்திருந்தது. டொக்டர் மகனையே பார்த்தார். போடியார் அசரவில்லை.

"எங்கட பக்கம் பொம்புளைப் பிள்ளையளுக்கு சின்ன வயசிலயே வெள்ளெனக் கலியாணம் முடிப்பம், ஐயா."

இரண்டாம் கிழமை

அந்தக் காலத்தில் இதற்கு மருந்து என்று ஒன்றும் இல்லை. தலையை உயர்த்தாமல் படுக்கவைத்து, கரண்டியால் கஞ்சி பருக்கிக் காத்திருக்க வேண்டியதுதான். முதற்கிழமை ஏழு நாளும் நல்லபடியாகப் போனது. இரண்டாம் கிழமை வலது கை விழுந்தது, பேச்சும் நின்றது.

போடியார் என்னை விறாந்தையில் மறித்தார். ஊரையே அதட்டி வேலை வாங்கும் மனிதர், துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "மிஸி, அவவுக்கு அறுபத்திரெண்டு. நான் குறைச்சிச் சொன்னதாலதான் வைத்தியம் பிழையாப் போயிட்டு, என்ன?"

கட்டில் தலைமாட்டில் தொங்கிய நோய்ச் சீட்டை எடுத்துவந்து வாசித்துக் காட்டினேன். டொக்டர் முதல் நாளே 'அறுபதுக்கு மேல்' என்று எழுதியிருந்தார். போடியார் அந்த எழுத்தின்மேல் விரலை வைத்தார்.

"அப்ப, தெரிஞ்சும் ஐயா கைவிடல்லயா?"

இரண்டு வண்டிச் சனம்

மூன்றாம் கிழமை விரல்கள் அசையத் தொடங்கின. பேச்சு மட்டும் வரவில்லை. அந்த நேரம் பார்த்து ஊரிலிருந்து இரண்டு வண்டிச் சனம் வந்து இறங்கியது. கட்டிலைச் சுற்றி நின்று, ஆளுக்கு ஆள் மூக்கைச் சிந்தி, ஒரே அழுகை. சத்தம் கூடாது என்று அதட்டிப் பார்த்தேன், கும்பிட்டும் பார்த்தேன். யார் கேட்டார்கள்?

திடீரென்று கட்டிலிலிருந்து கரகரத்த குரல்: "மிஸி சொல்றது காதில விழல்லயா? எல்லாரும் வெளிய போங்க!"

சனம் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு வெளியேறியது. எனக்கு அழுகை வந்தது, மறைக்கவும் இல்லை. போடியாரும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வாசல்பக்கம் திரும்பினார். வள்ளிப்பிள்ளை தலையை அசைக்காமல் சொன்னார்:

"நீங்க இரிங்க."

வயது கூடக் கூட ஆபத்தும் கூடும் என்று டொக்டர் சொன்னது சரிதான், ஆனாலும் யார் வள்ளிப்பிள்ளையைப் போல எழும்பி நடப்பார் என்பதைச் சீட்டிலுள்ள வயதைப் பார்த்துச் சொல்லும் வித்தை, பென்சன் எடுக்கும் நாள்வரை எனக்குப் பிடிபடவே இல்லை.