இருளப்பசாமியின் இரண்டு இஞ்ச்

தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் கம்பெனி ஒன்றில் இருளப்பசாமி கட்டிங் மாஸ்டர். துணி கால் இஞ்ச் பிசகினாலும் கண்ணாலேயே பிடித்துவிடுவார். தன் உயரத்தை மட்டும் அவர் டேப் வைத்து அளந்ததே கிடையாது. யாராவது கேட்டால் ‘அஞ்சே முக்கால்’ என்பார். கேட்டவர்கள் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள்.

பட்டாளத்தில் இருக்கும் மச்சினன் பாண்டிதுரை ஆறடி ஆள். அவன் தன் பெரிய மோட்டார் சைக்கிளை, “நீங்களே ஓட்டுங்க அத்தான்” என்று விட்டுப்போனதில்தான் வினை தொடங்கியது. அதில் உட்கார்ந்தால் இருளப்பசாமிக்கு விரல்நுனிதான் தரையைத் தொடும். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை எங்கே திட்டு, எங்கே மைல்கல் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். காலை ஊன்ற வேண்டுமே. டீ நன்றாக இருக்கிற கடைக்குக்கூடப் போகமாட்டார், வாசலில் கல் கிடக்கிற கடைக்குத்தான் போவார்.

போன மாதம் முன்னால் போன மினிபஸ் சட்டென்று நின்றது. இவரும் நின்றார். பக்கத்தில் கல் இல்லை. பின்னால் இருந்த அவர் பெண்டாட்டி மாரிக்கனி காய்கறிக் கூடையோடு ரோட்டில் கிடந்தாள். அடி ஒன்றுமில்லை, தக்காளிதான் போயிற்று.

“இனிமே இந்த வண்டியில நான் ஏறுனா என்னைய ஏன்னு கேளுங்க” என்று சேலையைத் தட்டிக்கொண்டு பஸ் ஏறியவள்தான். அதிலிருந்து எங்கே போனாலும் பஸ். பழைய வண்டிக் காலத்திலிருந்தே இருபது வருசம் தோளில் கை போட்டு வந்தவள். பின் சீட்டைக் காலியாக வைத்துக்கொண்டு ஓட்டுவது அவருக்கு மனசை அறுத்தது.

டேப்பும் கையுமாக மெக்கானிக் கௌதம்ராஜிடம் போனார். “தம்பி, பின் ஷாக் அப்சார்பர மாத்தி வண்டிய ரெண்டு இஞ்ச் எறக்கணும்.”

“எதுக்குண்ணே?”

உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. “வீட்ல அவளுக்கு ஏற எட்டல.”

கௌதம்ராஜ் மாரிக்கனியைப் பார்த்ததில்லை. அவள் புருசனைவிட நாலு விரல் உயரம்.

குட்டை ஷாக் இரண்டையும் மாட்டியாயிற்று. இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதிந்தபோது இருளப்பசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டு வாசலில் பத்துத் தடவை நிறுத்திக் காட்டினார். பதினோராவது தடவை மாரிக்கனி ஏறிக்கொண்டாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் சித்தப்பா முத்துப்பாண்டி வீட்டுக் கல்யாணம். வழியில் ஒரு கல்லையும் தேடவில்லை. மண்டப வாசலில், வரவேற்பு மேசைக்குப் பக்கத்திலேயே கம்பீரமாக நிறுத்தி, மாரிக்கனி இறங்கியதும் சைடு ஸ்டாண்டைத் தட்டிவிட்டு அவரும் இறங்கினார். வண்டி இறங்கியிருந்தது, ஸ்டாண்டு பழைய நீளத்திலேயே இருந்தது. எல்லாவற்றையும் அளந்தவர் அதை அளக்கவில்லை. சாய்ந்து நிற்க வேண்டிய வண்டி விறைப்பாக நின்றது. பிறகு நிதானமாக மறுபக்கம் மேசைமேல் சரிந்தது. சந்தனமும் கற்கண்டும் வாசலெல்லாம் சிதறின.

ஓடிவந்து வண்டியைத் தூக்கிய முத்துப்பாண்டி பின்பக்கத்தைக் குனிந்து பார்த்தார். “ஏலே இருளப்பா, பின்னால எறக்கியிருக்கியோ? யாருக்குலே எட்டல?”

கூட்டம் இருளப்பசாமியின் காலைப் பார்த்தது. அவர் குனிந்து கற்கண்டைப் பொறுக்க ஆரம்பித்தார்.

“எனக்குத்தான் மாமா, ஏற எட்டல” என்றாள் மாரிக்கனி.

மெக்கானிக்கிடம் சொன்ன பொய்யை அவர் அவளிடம் சொன்னதே இல்லை. முத்துப்பாண்டி அண்ணாந்து அவள் முகத்தைப் பார்த்தார். உள்ளே போய்விட்டார்.

மாரிக்கனி சேலையில் ஒட்டிய கற்கண்டை உதறிக்கொண்டே, “போகும்போது அந்த ஸ்டாண்டையும் வெட்டிருங்க. நான் பஸ்ஸுல வரமாட்டேன்” என்றாள்.