இல்லாத பசைக்கு மூன்று சாட்சிகள்

கொதிக்கிற தண்ணீரில் ஒரு நாள் முழுக்கப் போட்டாலும் விடாத மரப்பசை ஒன்று வந்திருக்கிறதாம். பசைக் கடைக்காரர் ஏணித் தொழிற்சாலை ஃபோர்மேனிடம் சொல்ல, அவன் தன் பெண்டாட்டியிடம் சொல்ல, அவள் காலை பத்தரை மணிக்கு நாத்தனாரின் ஆபீசுக்கே போன் போட்டுச் சொன்னாள்.

"பேர் என்ன சொன்னே?"

"பிசின் நாப்பத்தொண்ணு, அண்ணி."

அண்ணிக்கு வாயில் வைத்த டீ உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. அப்படி ஒரு பசை உலகத்திலேயே கிடையாது. பெற்றுப் பெயர் வைத்தவளே அவள்தான்.

பதிப்பகத்தில் அவளுக்குப் பெயர் அட்டவணை அக்கா. கொதிகலன், சாயம், வெல்டிங், பசை என்று தொழிற்சாலைகளுக்குக் கையேடு போடும் இடம் அது. ஒவ்வொன்றும் செங்கல் கனம். அவற்றை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்த ஜீவன் இந்தப் பூமியில் ஒன்றுதான், அதுவும் சம்பளத்துக்காக. மூன்றாவது மாடியில் திறக்காத ஜன்னல் ஓரம், அடிக்கோலை வரிக்கு வரி நகர்த்தி எண்களைச் சரிபார்த்தே இருபத்திரண்டு வருஷத்தை ஓட்டிவிட்டாள். வீட்டிலும் அதே புத்திதான். கல்யாணப் பத்திரிகை வந்தால் முதலில் தேதிக்கும் கிழமைக்கும் பொருத்தம் பார்ப்பாள். மாப்பிள்ளை யாரென்பதெல்லாம் அப்புறம்.

அப்பேர்ப்பட்டவள் தெரிந்தே எழுதிய ஒரே பொய், நாலு வருஷத்துக்கு முந்தைய பிசின் 41. எதிர்த்தெருப் பதிப்பகம் இவர்கள் அட்டவணைகளை அப்படியே சுடுகிறது என்று முதலாளிக்குச் சந்தேகம். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். "இல்லாத பசை ஒண்ணை நடுவுல சொருகும்மா" என்றார். அவள் தான் வரும் பஸ்ஸின் எண்ணையே அதற்கு வைத்தாள். இல்லாததுதானே என்று குணங்களை வாரி வழங்கினாள்: வெந்நீர் தாங்கும், பனி தாங்கும், ஆணி தேவையில்லை. தரகர் சொல்லும் வரன் மாதிரி ஒரு குறையும் கிடையாது.

எதிர்த்தெருக்காரர்கள் ஓர் எழுத்து மாறாமல் போட்டார்கள். முதலாளி கோர்ட்டுக்குப் போனார். அதற்குள் ஒரு பேராசிரியரும் புத்தகம் எழுதி, பிசின் 41-ஐத் தாம் பதினைந்து வருஷமாகப் பயன்படுத்துவதாகவும், அதற்கு லேசான புளிப்பு வாசனை உண்டென்றும் சேர்த்திருந்தார். அன்றைக்கு அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

இப்போது சிரிப்பு வரவில்லை. புத்தகத்தில் பார்த்துவிட்டு அந்தப் பசையைக் கேட்டு வருகிற கூட்டத்தைக் கடைக்காரர் விடுவாரா? ஏதோ ஒரு பசையை டப்பாவில் ஊற்றி, அந்தப் பெயரை மேலே ஒட்டியிருக்கிறார்.

"அதை வெச்சு அவன் என்ன பண்றான்?"

"ஏணிதான். ஃபோர்மேன் ஆனதும் இவரு செஞ்ச முதல் காரியமே இதுதான். படிக்கு ஒரு ஆணி கூட அடிக்கலையாம், வெறும் பசை. பதினோரு மணிக்கு, வாங்க வர்றவங்க முன்னாடி, இவரே சிமெண்ட் மூட்டையைத் தூக்கிட்டு உச்சிப்படி வரைக்கும் ஏறிக் காட்டப் போறாரு."

"அடியே, அப்படி ஒரு பசையே இல்லடி!"

"சும்மா இருங்க அண்ணி. மூணு புத்தகத்துல போட்டிருக்கு, நீங்க ஒருத்தர் இல்லைன்னா ஆச்சா? 'எங்க அக்கா கை பட்ட அட்டவணை'ன்னு மேனேஜர்கிட்ட நெஞ்சை நிமித்திச் சொல்லியிருக்காரு. அவரு மானத்தை வாங்கிடாதீங்க." போன் வைக்கப்பட்டது.

அக்கா முதலாளி அறைக்கு ஓடி, பிசின் 41-ஐ நம்பி ஏணி செய்கிறார்கள் என்றாள்.

"மூச்சு விடாதே," என்றார் அவர். "அடுத்த வாரம் கோர்ட்டுல நாமளே உடைக்கப்போறோம். இப்பவே கசிஞ்சா எதிர்த்தெருக்காரன் புத்தகத்தைத் திருத்திட்டு, எல்லாம் எங்க சொந்தச் சரக்குன்னு நிப்பான். வாயைத் திறந்தே, உனக்கு இங்க நாற்காலி கிடையாது."

"ஆள் விழுவான் சார்."

"ஏணி விழுந்தா ஏணிக்காரன் பாடு. கேஸ் விழுந்தா நம்ம பாடு. ஒரு வாரத்துல எத்தனை பேர் ஏறிடப் போறாங்க?"

"இன்னிக்கு என் தம்பி ஏறப்போறான் சார்."

முதலாளி கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார்.

"அவர் எடை எவ்வளவு?"

அவள் திரும்பித் தன் மேஜைக்கு வந்து, எல்லோர் கண் முன்னாலேயும் தம்பியின் செல் எண்ணை அழுத்தினாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது; தம்பி பெண்டாட்டியும் எடுக்கவில்லை. தொழிற்சாலை எண்ணுக்காகப் பதிப்பகத்தின் தொழில் விவரத் திரட்டைப் புரட்டினாள். அதில் விலாசப் பக்கங்கள் மட்டும் அவள் சரிபார்ப்புக்கு வராதவை. அந்த எண்ணில் ஒரு தையற்கடைக்காரர் எடுத்து, "ஏணியா? அவங்க நம்பர் மாறி ஆறு வருஷமாச்சும்மா" என்றார்.

மணி பத்து ஐம்பத்திரண்டு. ஆட்டோ பிடித்தாலும் முக்கால் மணி நேரத் தூரம். மறுபடியும் தம்பியின் எண். முதலாளி கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றார். அறையில் அத்தனை பேனாவும் நின்றுவிட்டன.

டேய், ஏறாதேடா, அது நான் எழுதின பொய்டா. சொல்ல வேண்டியது அவ்வளவுதான். அவள் உதட்டிலேயே அதைத் தயாராக வைத்துக்கொண்டு, ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள். மணி அடித்துக்கொண்டிருந்தது.