நான் துடைத்த சிவப்புப் புள்ளி

அந்த வெள்ளைப் பலகையை வாங்கி வந்து மாட்டியதே நான்தான். அதைச் சொல்லாமல் ஆரம்பித்தால் பாதிப் பொய் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

கோவில்பட்டியில் ஒரு பெண்கள் கால்பந்து அணிக்கு நான் தலைமைப் பயிற்சியாளர். வெளியூரில் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போனபோது, தொழில்முறை கிளப்புகளில் பயிற்சியாளர்கள் எல்லாரும் கலந்துதான் முடிவெடுக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வந்தேன். வந்த கையோடு இங்கேயும் தொடங்கினேன். நான், கோல்கீப்பர்களுக்குப் பயிற்சி தரும் அண்ணாச்சி, உடற்பயிற்சி தரும் பெண், மூன்று பேரும் உட்கார்ந்து ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் புள்ளி வைப்போம். பச்சை என்றால் ஆடலாம். ஒருத்தர் சிவப்பு வைத்தாலே அன்றைக்கு ஓய்வு. அடுத்தவர் வைத்ததை யாரும் தொடக்கூடாது. வெளியே யார் கேட்டாலும் ‘நாங்கள் சேர்ந்து எடுத்த முடிவு’ என்றுதான் சொல்ல வேண்டும். எல்லாம் நான் போட்ட சட்டம். போடும்போது எவ்வளவு பெருமை எனக்கு!

எங்கள் அணியில் கோல் அடிப்பவள் ஒரு நாகலாபுரத்துப் பெண். காலையில் மில்லில் ஷிப்ட், சாயங்காலம் பந்து. அவள் ஆட்டத்தைப் பார்க்கச் சென்னையிலிருந்து ஒரு தொழில்முறை கிளப்பின் ஆள் வருவதாக இருந்தது. பிடித்துப்போனால் ஒப்பந்தம், மில்லை விட்டுவிடலாம்.

அன்றைக்குப் பார்த்து உடற்பயிற்சிப் பெண் அவள் பெயருக்கு நேரே சிவப்பு வைத்தாள்.

“முட்டு வீங்கியிருக்கு சார். தரையும் பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கு. சென்னையிலருந்து வாரவியகிட்ட சொல்லி அடுத்த வாரம் வந்து பாக்கச் சொல்லுவோம்.”

“அவரென்ன நம்ம வீட்டு மாப்பிள்ளையா, கூப்பிட்டப்பல்லாம் வர?” என்று எரிந்து விழுந்தேன்.

அவள் புள்ளியை மாற்றவில்லை. அண்ணாச்சி, “அந்தப் பிள்ளை சொல்லுதது சரிதான்” என்று சொல்லிவிட்டு மைதானத்துக்குப் போனார். உடற்பயிற்சிப் பெண் சென்னைக்காரரை அழைத்துவர ரயில்வே ஸ்டேஷனுக்குப் போனாள்.

கட்டைவிரலால் அந்தச் சிவப்பைத் துடைத்துவிட்டுப் பச்சை வைத்தேன். அந்த நாகலாபுரத்துப் பெண்ணின் நல்லதுக்குத்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். சும்மா. எங்கள் அணியிலிருந்து ஒருத்தி மேலே போனால் என் பேர் பேசப்படும், அவ்வளவுதான்.

கோல் அடிப்பவள் வந்து பலகையைப் பார்த்தாள், சிரித்தாள், பூட்ஸை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். அண்ணாச்சியும் பச்சையைப் பார்த்திருக்கிறார். நானும் உடற்பயிற்சிப் பெண்ணும் பேசி மாற்றிவிட்டோம் என்று நினைத்தாராம். கால்மணி நேரம்கூட ஆகவில்லை. பந்தோடு திரும்பியவளின் கால் ஒரு வெடிப்பில் மாட்டியது. ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ வந்து நின்றபோது அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கீழே கிடந்தாள். தசைநார் கிழிந்திருக்கிறது, ஆபரேஷன் செய்தாலும் ஒரு வருஷம் பந்தைத் தொட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

எங்கள் கிளப்பின் செயலாளர் மூவரையும் நிற்க வைத்து, “வீங்கின காலோட ஆடவிட்டது யாரு?” என்று கேட்டார்.

உடற்பயிற்சிப் பெண் பலகையைப் பார்த்தாள். பிறகு என் கட்டைவிரலைப் பார்த்தாள். சிவப்பு மை இன்னும் போகவில்லை.

“நாங்க மூணு பேரும் சேர்ந்து எடுத்த முடிவு சார்” என்றாள்.

வாயில் கொழுக்கட்டை வைத்தவன் மாதிரி நின்றேன். சே, நானெல்லாம் ஒரு வாத்தியார்! அடுத்தவர்களைப் பார்த்து மைதானத்தில் காது கிழியக் கத்துகிற வாய் இது.

பத்து நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பதினோராம் நாள் நாகலாபுரத்துக்கு பஸ் ஏறினேன். அவள் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

“உடற்பயிற்சி அக்கா சிவப்புதாம்மா வச்சிருந்தா. நான்தான் அதை அழிச்சேன்” என்றேன்.

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். காலில் சுற்றியிருந்த கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நேத்து அக்கா வந்தாவ சார். ‘எங்க தப்புதான், மன்னிச்சிருட்டி’ன்னு அழுதாவ” என்றாள். “நான் அவிய மூஞ்சியக்கூட ஏறிட்டுப் பாக்கல.”