சோற்றைத் தள்ளி வைத்த எஸ்தர் அக்காள்

தாப்பாவில் நான் வேலை பார்க்கும் தோட்டத்து ஆஸ்பத்திரியில் காலை நேரத்தில் குவினைன் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி மழையில் நனைந்தபடியே வந்து, சுங்கை சிப்புட்டிலிருந்து டெலிபோன் வந்ததாகச் சொன்னார். “ஒங்க எஸ்தர் அக்கா எழுந்திரிக்கலையாம். உக்காந்த மேனிக்கே போயிட்டாங்களாம்.”

“மெலிஞ்சிருந்தாங்களா, பெருத்திருந்தாங்களா?” என்று கேட்டேன். கிராணி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அக்காளை அறிந்தவர்களுக்கு, நான் ஏன் முதலில் அதைக் கேட்டேன் என்பது புரியும். அறியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

எஸ்தர் அக்காள் சுங்கை சிப்புட்டில் நான் முன்பு வேலை பார்த்த தோட்டத்தின் மருத்துவச்சி. பாளையங்கோட்டைப் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கக் கற்றவர். ரயில்வேயில் வேலை செய்த கணவரோடு ஈப்போவுக்கு வந்து, அவர் மலேரியாவில் போன பிறகு தோட்டத்து வேலையை ஏற்றுக்கொண்டார். நான் அங்கே மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸராகச் சேர்ந்தபோதே மிகவும் பருத்த உடம்பு. தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசல்களில் ஒருக்களித்துத்தான் நுழைவார். பெண்களுக்கு அந்த உடம்பின் மேல் ஒரு நம்பிக்கை. வலி வந்தவர்கள் அவர் தோளில் முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்குவார்கள். அவர் அசையமாட்டார். “சாஞ்சுக்க ஒரு செவுரு வேணும்லா, அதுக்குத்தான் கர்த்தர் என்னை இப்படிப் படைச்சிருக்காரு,” என்று சொல்லிச் சிரிப்பார்.

அந்தச் சிரிப்பு மலைப் பிரிவு வந்தபோது நின்றது. தோட்டத்தார் காட்டை அழித்து மேலே புது ரப்பர் கன்று வைத்தார்கள். வேலையாட்களுக்கு அங்கேயே லயம் கட்டினார்கள். ஏறுவதற்கு மண்ணை வெட்டிய படிகள்தான் உண்டு. மழை பெய்தால் அவையும் கரைந்துவிடும். அங்கே காளியப்பன் என்பவரின் மனைவிக்கு வலி கண்டது. ஆள் வந்து சொன்னவுடன் அக்காளும் நானும் புறப்பட்டோம். பாதி மலையில் அக்காளுக்கு மூச்சு நின்று நின்று வந்தது. உதடு நீலமாகிவிட்டது. நான் முன்னால் ஓடுகிறேன் என்றேன். “நீ போய் என்ன செய்வே? குழந்தை குறுக்கே கெடக்குதாம். கை வைக்கத் தெரியணும்,” என்றார். உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். மேலே போய்ச் சேர்ந்தபோது தாயும் இல்லை, குழந்தையும் இல்லை.

அக்காள் வாசலிலேயே சரிந்து உட்கார்ந்து மூச்சுக்குத் தவித்தார். காளியப்பன் உள்ளே மனைவியின் பக்கத்திலிருந்து எழுந்து வந்தார். அக்காளுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்து அவருக்கு விசிறினார். இந்த அம்மாளும் செத்துவிடுவாளோ என்று பயந்துபோயிருந்தார் அவர். அவர் வைதிருந்தால்கூட அக்காள் தாங்கியிருப்பார். அந்த விசிறலைத் தாங்க முடியவில்லை.

அடுத்த வாரமே என்னையும் அழைத்துக்கொண்டு ஈப்போவில் ஒரு வெள்ளைக்கார டாக்டரிடம் போனார். மொழிபெயர்க்கத்தான் நான். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்து நெடுநேரம் கேட்டார். கொழுப்பு இதயத்தை நெருக்குகிறது என்றார். சோறு, ரொட்டி, சர்க்கரை, கிழங்கு எதுவும் கூடாது. மீன், முட்டை, இறைச்சி, கீரை, காய் சாப்பிடலாம். அக்காள் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். எத்தனை நாளைக்கு என்று கேட்கச் சொன்னார். எடை இறங்கும்வரை என்றார் டாக்டர். “எறங்கின பொறவு?” என்றார் அக்காள். அதையும் மொழிபெயர்த்தேன். டாக்டர் கை கழுவிக்கொண்டே, முதலில் இறங்கட்டும் என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். வெளியே வந்து பாசார் வழியாக ரயிலடிக்கு நடந்தோம். அரிசிக் கடைகளைத் தாண்டும்போது அக்காள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்றிலிருந்து சோற்றைத் தள்ளி வைத்தார். முதல் வாரங்கள் மோசமாக இருந்தன. தலைவலி, இரவில் கெண்டைக்கால் சதைப்பிடிப்பு, எதைக் கேட்டாலும் எரிச்சல். பக்கத்தில் நின்றால் மூச்சில் அழுகிய பழத்தின் வாடை வந்தது. ஆற்று மீனும் முருங்கைக்கீரையும் தின்று தின்று வெறுத்துப்போனது. ஆனால் உடம்பு இறங்கியது. ரப்பர் ஷீட் நிறுக்கும் பெரிய தராசில் ஸ்டோர் ஆட்கள் அவரை ஏற்றி நிறுத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு மாதமும் குறைந்தது. தோட்டமே வேடிக்கை பார்த்தது. வருஷம் திரும்புவதற்குள் ஒரே மூச்சில் மலைப்படி ஏறினார். மேலே இரண்டு பிரசவங்களை நல்லபடியாக முடித்தார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். டாக்டர் சொன்னது பலித்துவிட்டது, இனிக் கவலையில்லை என்று நினைத்தேன்.

கவலை வேறு பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. பிரசவம் முடிந்த வீட்டில் மருத்துவச்சிக்கு இலை போட்டுச் சோறு போடுவது நம்மவர் வழக்கம். அதை அவர் உண்டு எழுந்தால்தான் அந்த வீட்டுக்கு மனம் நிறையும். அக்காள் குழம்பிலிருந்த மீனை மட்டும் எடுத்துத் தின்றுவிட்டு, சோற்றைத் தொடாமல் எழுந்தார். டாக்டர் உத்தரவு என்று விளக்கினார். கேட்டவர்கள் சரி என்றார்கள். முகம் மட்டும் சரி என்று சொல்லவில்லை. பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டில் சோற்றை வேண்டாம் என்பது அவர்கள் காதில் கெட்ட சகுனமாக விழுந்தது.

பிறகு குறைமாதத்தில் பிறந்த ஒரு குழந்தை செத்தது. அதை யாராலும் காப்பாற்றியிருக்க முடியாது. ஆனால் அன்று பேச்சு கிளம்பிவிட்டது. அக்காள் சும்மா மெலியவில்லை என்றார்கள். மலையில் செத்தவள் அவர் மேல் ஏறிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறாள் என்றார்கள். அவரும் மாதாமாதம் குறைந்துகொண்டேதானே இருந்தார்? கழுத்தில் தோல் தொங்கியது, கண் உள்ளே போயிருந்தது. மலேரியாக்காரர்களுக்கு மருந்து கொடுக்கப் போன இடத்தில் என் காதிலேயே அது விழுந்தது. அக்காள் வரும் வழியில் பிள்ளைத்தாச்சிகள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

கூப்பிடுவதும் நின்றது. கீழ் லயத்தில் ஒரு கிழவி இருந்தாள். பாக்கு வெட்டும் கத்தியாலேயே தொப்புள்கொடி அறுப்பவள். அவளைக் கூப்பிட்டார்கள். அதற்குப் பிறகு என் ஆஸ்பத்திரிக்கு வந்தவற்றை எழுதக் கை வரவில்லை. தாடை இறுகிப் பால் குடிக்க முடியாத குழந்தைகள். ஜுரத்தில் பிதற்றும் தாய்மார்கள். அக்காள் வந்து அந்தக் கட்டில்களைப் பார்ப்பார், திரும்பிப் போவார்.

ஒரு நாள் செல்லம்மா என்ற ரப்பர்ப் பால்வெட்டுக்காரிக்கு நாள் நெருங்கியிருப்பது தெரிந்தது. மதியச் சாப்பாட்டு நேரம். அக்காள் நேராக அவள் வீட்டுக்குப் போய்த் தரையில் உட்கார்ந்தார். நானும் உடன் இருந்தேன். லயத்துப் பெண்கள் வாசலில் கூடிவிட்டார்கள்.

“செல்லம்மா, சோறு இருக்கா?”

அவள் மாமியாரைப் பார்த்தாள்.

“இருக்குக்கா.”

“போடு. நெறையப் போடு.”

அவள் போட்டாள். அக்காள் ஒரு பருக்கை விடாமல் தின்றார். மறுபடி வாங்கித் தின்றார். ஒன்றரை வருஷம் சோறு காணாத வயிறு. நெற்றி வியர்த்தது, கண் கலங்கியது. கை கழுவிவிட்டு, “வலி வந்தா ஆள் அனுப்பு, வாரேன்,” என்று சொல்லி எழுந்தார். ஆள் வந்தது. செல்லம்மாவின் பிள்ளை இன்று அந்த லயத்தில் ஓடித் திரிகிறது.

திரும்பி நடக்கும்போது இப்படிச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று தெரியுமா என்று கேட்டேன். “தெரியும் தம்பி. அரிசியை விடுறது கஷ்டமில்ல. விட்ட பொறவு யாரோட உக்காந்து சாப்புடுறது? அதத்தான் அந்த டாக்டர் சொல்லல,” என்றார்.

போன எடை வந்த வேகத்தைக் கண்டு நான் பயந்தேன். இறங்க ஒரு வருஷத்துக்கு மேல் பிடித்த எடை, ஏறச் சில மாதமே எடுத்தது. பழைய அளவில் நிற்கவும் இல்லை, அதைத் தாண்டியது. மலைப்படியில் மறுபடி மூச்சு வாங்கியது. அக்காள் மறுபடி சோற்றை விட்டார். இந்த முறை பாதிதான் இறங்கியது. தராசில் ஏறுவதையும் நிறுத்திவிட்டார். அடுத்தடுத்துப் பிரசவங்கள் வந்தன, சோறும் வந்தது, எடையும் வந்தது. மூன்றாவது முறை தொடங்கியபோது கணுக்கால் வீங்கி, விரல் வைத்து அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்தே தூங்கினார். நான் ஆஸ்பத்திரி ஆள், அந்தக் கால்களைப் பார்த்தவுடனே இதயம் தோற்றுக்கொண்டிருப்பது எனக்குப் புரிந்துவிட்டது. அவருக்கும் புரிந்திருந்தது.

அப்போதுதான் அவர் தோட்டத்து மேனேஜர் துரையிடம் போனார். நானும் கூட நின்றேன். தன்னால் இனி மலை ஏற முடியாது என்று சொன்னார். மலைப் பிரிவுப் பெண்களுக்கு மாதம் நிறைந்தால், ரோட்டோரத்தில் பூட்டிக் கிடக்கும் லயத்து அறையில் அவர்களைக் கொண்டுவந்து வைக்க வேண்டும் என்று கேட்டார். துரை யோசித்தார். வேலைக்கு ஆள் குறையும் என்றார். “செத்தாலும் ஆள் கொறையும்னு சொல்லு தம்பி,” என்றார் அக்காள். அதை நான் இங்கிலீஷில் கொஞ்சம் பணிவாகச் சொன்னேன். அறை கிடைத்தது. அதன் பிறகு நான் அந்தத் தோட்டத்தில் இருந்தவரை மலைப் பிரிவில் பிரசவத்தில் யாரும் சாகவில்லை.

சாப்பாட்டிலும் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். பிரசவ வீட்டில் போட்டதில் ஒரு கைப்பிடிச் சோறு, மனநிறைவோடு. தன் வீட்டில் மீனும் கீரையும் மட்டும். எடை அதற்குமேல் ஏறவில்லை, பெரிதாக இறங்கவும் இல்லை. நான் தாப்பாவுக்கு மாற்றலாகிப் போன பிறகு ஒரு கிறிஸ்துமஸுக்குப் போயிருந்தேன். வட்டிலின் ஓரத்தில் கொஞ்சம் சோறு வைத்துக்கொண்டு, “இப்படின்னா சாகுற வரைக்கும் சாப்புடலாம். இத மொதல்லயே செஞ்சிருக்கணும்,” என்றார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை மூச்சு வாங்கினார். வீங்கிய கால்களைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார். ஏறி இறங்கி, ஏறி இறங்கிக் களைத்துப்போயிருந்த இதயம் அந்த ஏற்பாடு வருவதற்கு முன்பே கெட்டுப்போயிருந்தது.

அடக்கத்துக்குப் போனேன். நான் கேட்ட கேள்விக்கு அங்கே பதில் கிடைத்தது. கிறிஸ்துமஸில் பார்த்த அதே உடம்புதான். செல்லம்மா வந்திருந்தாள். மழை விடாமல் பெய்தது. குழிக்குள் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது, ஆட்கள் இறைத்துக்கொண்டே இருந்தார்கள். பாதிரியார் ஜெபத்தைச் சுருக்கிக்கொண்டார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது ஒரு பழக்கம். உடம்பு இளைக்க வேண்டும் என்று வருகிறவர்களிடம் என்ன சாப்பிடுகிறாய் என்று நான் இப்போது முதலில் கேட்பதில்லை. யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாய் என்று கேட்கிறேன். போன மாதம் இங்கே ஸ்டோர் கிராணி ஒருவர் பெல்ட்டை இழுத்துக் காட்டிக்கொண்டு வந்தார். சோற்றை அடியோடு விட்டுவிட்டாராம், சட்டையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டதாம். நல்லது என்றேன். வீட்டில் யாரோடு சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். “இப்பல்லாம் தனியாத்தான் சார். அவங்க சாப்புடுறதப் பாத்தா தாங்கல,” என்றார். அடுத்த முறை மனைவியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், மூன்று பேருமாக உட்கார்ந்து பேசுவோம் என்று சொல்லி அனுப்பினேன்.

அவர் இன்னும் வரவில்லை.