ஒன்பது 'அவர்'

தபீதாள் டீச்சர் எதையும் ஒரே தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டதில்லை. கேஸ் இணைப்புப் படிவத்தைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோய், மறுநாள்தான் திருப்பிக் கொடுத்தார்.

தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் முப்பத்தோரு வருடம் வரலாறு நடத்தியவர். அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனம் வந்தால் மட்டும் புத்தகத்தை மூடிவிடுவார்.

"சட்டம் போட்டது பிரிட்டிஷ் பார்லிமென்ட். ஆனா பழி பூரா ராஜா ஒருத்தர் தலையில. அவர் இதைச் செஞ்சார், அவர் அதைச் செஞ்சார்னு வரிசையா அடுக்கறாங்க. கூட்டத்து மேல அவ்வளவு கோபம் வராது, தனி ஆள் மேலதான் வரும். எழுதினவங்களுக்கு அது தெரியும்," என்பார். "சரி, 'நாங்கள்'னு சொல்றாங்களே, அதுல அடிமைங்க இருந்தாங்களா?"

ஓய்வுக்குப் பின் ராஜகீழ்ப்பாக்கத்தில் நாற்பது வீடுகள் கொண்ட ஒரு அடுக்ககத்தில் வாடகைக்கு இருந்தார். போன மே மாதம் தண்ணீர்த் தட்டுப்பாட்டில் எல்லோரும் கொதித்துப் போயிருந்தபோது, மூன்றாவது மாடி பத்ரி ஒரு தாளோடு வந்தார். சங்கச் செயலாளர் ராஜகோபாலை நீக்கச் சொல்லும் மனு. 'குடியிருப்போர் பிரகடனம்' என்று தலைப்பு.

"ஒரு சைன் டீச்சர். எல்லாரும் போட்டாச்சு."

"எல்லாரும்னா யாரு?"

பத்ரி சிரித்தார். அந்தச் சிரிப்பு டீச்சருக்குப் பிடிக்கவில்லை.

"வச்சிட்டுப் போங்க சார்."

அன்றிரவு டீச்சர் மனுவைப் படித்தார். 'அவர் மோட்டாரை நிறுத்தினார்.' 'அவர் தண்ணீர் லாரியைத் திருப்பி அனுப்பினார்.' ஒன்பது வாக்கியங்களும் 'அவர்' என்றே தொடங்கின. கடைசிப் பத்தியில், 'உரிமையாளர்களாகிய நாங்கள்' இனி எல்லா முடிவும் எடுப்போம் என்றிருந்தது. வாடகைக்கு இருக்கும் பதினாறு குடும்பங்களைக் காணோம்.

மறுநாள் சங்க அறையில் தீர்மானப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் புரட்டினார். லாரியை நிறுத்தும் முடிவின் கீழே சங்கக் குழுவினர் ஐந்து பேரின் கையெழுத்துகள். இரண்டாவது பத்ரியுடையது.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அந்தத் தீர்மானத்தைக் கையெழுத்துகளோடு எல்லோர் முன்னாலும் வாசித்தார்.

"டீச்சர் செக்ரட்ரி பக்கம் போல," என்றார் பத்ரி.

"இல்ல சார். அவர் செஞ்சதும் தப்புதான். மீதி நாலு பேர் எங்க ஒளிஞ்சாங்கன்னுதான் கேக்கறேன். 'அவர்'ங்கிற இடத்துல 'இந்த அஞ்சு பேர்'னு போடுங்க, 'நாங்கள்'ல வாடகைக்கு இருக்கறவங்களையும் சேருங்க, இப்பவே சைன் பண்றேன்."

ஐந்து பேரும் விலக வேண்டியதாயிற்று. புதிய குழுவில் வாடகைக்காரர் இருவருக்கு இடம் கிடைத்தது. பழி தன் ஒருவர் தலையில் விழாததற்கு நன்றி சொல்ல மாம்பழத்தோடு வந்த ராஜகோபாலை, இதற்குப் பின்னால் என்ன மனு வருமோ என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்.

பத்ரியின் மனைவி நாகலக்ஷ்மியோடு தினமும் போகும் மாலை நடை மட்டும், டீச்சர் போகாததால் நின்றுபோனது. மூன்று வாரம் பொறுத்து டீச்சரே போய் அழைப்புமணியை அழுத்தினார்.

"அந்த மனுவை நான் எழுதல டீச்சர். என்னையும் ஏன் அதுல சேர்த்துட்டீங்க?" என்றார் நாகலக்ஷ்மி.

"அது என் தப்புதான்," என்றார் டீச்சர். நாகலக்ஷ்மி செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார்.